தகடு இறக்கும் நாள்

எங்கள் ஊரில் காற்று மதியத்துக்கு மேல்தான் வரும். வந்தால் சும்மா வராது. கூரையைப் பெயர்க்கும், கொடியில் காய்கிற துணியை அள்ளிக்கொண்டு போகும், ஏமாந்தால் ஆளையும் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு மலைகளுக்கு நடுவில், காற்று வந்துபோகிற வழியாகப் பார்த்து ஊர் கட்டினவன் யாரோ, அவனை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. துணி வெளுப்பது என் தொழில். அதனால் காற்றுக்கும் எனக்கும் உள்ள வழக்கு தனி.

காற்றோடு போய்விடாமல் இருக்க நாங்கள் எல்லோரும் செருப்பின் அடித்தோலுக்குள் ஈயத் தகடு வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வோம். ஒருவருக்கு எத்தனை தகடு வேண்டும் என்பதில்தான் வேடிக்கை. உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மாவு மூட்டை மாதிரி இருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்குக் காலுக்கு ஐந்து தகடு. இருமினாலே ஆடிப்போகிற பள்ளிக்கூடத்து டீச்சருக்கு மூன்று. ஏன் இப்படி என்று யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஊர் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும் அல்லவா? தகடு குறைந்தவர் உள்ளுக்குள் கனமான ஆள், தகடு கூடினவர் உள்ளே காலி. இதுதான் ஊரார் முடிவு. எண்ணைச் செருப்பின் குதிகாலில் அச்சுக் குத்தி வேறு வைத்துவிடுவார்கள். யாரையாவது பார்த்தால் முதலில் குதிகாலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவோம். என் எண் ஆறு. அதனால் என் முகத்துக்கு வந்தவர்கள் குறைவு.

என் அக்காதான் ஊருக்குத் தகடு தைப்பவள். ஈயத்தை உருக்கி, வார்த்து, தட்டி, வெட்டி, இரண்டு தோலுக்கு நடுவில் வைத்துத் தைப்பாள். அவள் ஊசி போட்ட இடத்தில் தண்ணீர்கூட நுழையாது என்பார்கள். அது முழுக்க உண்மை இல்லை, பின்னால் சொல்கிறேன். அவள் புருஷன் கம்பக்காரர். ஊர் நடுவில் இருக்கும் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து, மலை வளைவில் தூசி கிளம்புகிறதா என்று பார்த்து, கிளம்பினால் கொம்பு ஊதுகிற வேலை. கொம்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுப்போம், துணியை எடுப்போம், கதவைச் சாத்துவோம். அவர் ஒற்றைத் தகட்டு ஆள். ஊரே அண்ணாந்து பார்த்த மனிதர். மகள் நடை பழகிக்கொண்டிருந்த நாளில், ஒரு மதியம், கம்பத்தின் உச்சியிலிருந்து காற்று அவரைக் கொண்டுபோய்விட்டது. ஊர் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. என் அக்கா மட்டும் பேசுவதில்லை.

அந்த மகள்தான் பஞ்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் குதிகாலில் இரண்டும் மூன்றும் இருந்தபோது இவள் குதிகாலில் மட்டும் ஐந்து இருந்தது. ஊதினால் பறக்கிற பஞ்சு என்று எவனோ கூப்பிட்டான். அது ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அதையே கூப்பிட ஆரம்பித்தோம், செல்லமாகத்தான். ஆனால் செல்லமும் அதே இடத்தில்தான் குத்தும் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் என் வெளுப்புக்கூடத்துக்கு உதவிக்கு வந்தாள். துவைப்பதும் தேய்ப்பதும் கீழ்த்தளத்தில், உலர்த்துவது மொட்டைமாடியில். படி ஏறுவதற்குள் பெண் திணறிப்போவாள். காலைத் தூக்கி வைக்கிற சத்தம் தொம், தொம் என்று கேட்கும். "ஆமை வருது, வழிவிடுங்க" என்பேன். அவளும் சிரிப்பாள். ஆனால் மாடிக்கு வந்துவிட்டால் அவள் கண் மலை வளைவை விட்டு நகராது. "இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும் சித்தி, எடுத்துருவோம்" என்பாள். நாங்கள் கடைசிப் போர்வையை மடிக்கும்போதுதான் கொம்பு ஊதும். அவள் வந்த பிறகு காற்று என்னிடமிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடக் கொண்டுபோகவில்லை.

இப்போதைய கம்பக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. ஏறும்போது அவர் முனகுவது தெருவுக்கே கேட்கிறது. பதிலுக்கு ஆள் தேடினார்கள். கனத்தைக் கட்டிக்கொண்டு கம்பம் ஏற முடியாது என்பதால் இரண்டு தகட்டுக்கு மேல் போனவர்களுக்கு அந்த வேலை கிடையாது. இரண்டு தகட்டு ஆட்களோ ஊரில் அருகிப்போய்விட்டார்கள். பஞ்சுவின் அப்பா போனதிலிருந்து, தகடு இறக்க வருகிற பிள்ளைகள் எல்லாம் மூன்றிலேயே நின்றுகொள்கிறார்கள்.

"சித்தி, நான் கம்பம் ஏறட்டுமா?" என்று ஒரு நாள் மாடியில் கேட்டாள்.

"ஏறேன். யாரு உன் கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கா?"

"நெஜமாத்தான் கேக்கறேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். ரெண்டு தகடுல நின்னு காட்டிட்டு வா. கம்பத்துக்கு அடியில நானே ஏணியப் பிடிக்கறேன்."

அவள் திரும்பித் தன் குதிகாலைப் பார்த்தாள். "அஞ்சுல இருந்து ரெண்டுக்கு எறங்கின ஆளு யாராவது இருக்காங்களா?"

"உன் வாய்தானே? மூடிக்கிட்டு நின்னுடு" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். என் பதினேழு வயதில் நான் மூடவில்லையே.

வாய் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதினேழு வயது வரை பிள்ளைகளுக்கு எத்தனை தகடு என்பதைத் தைப்பவரே கண்ணால் பார்த்து முடிவு செய்வார். பதினேழானதும் மாதாமாதம் நடக்கும் தகடு இறக்கும் நாளில் ஊர் எல்லையில் இருக்கும் காற்றுவாசலில் போய் நிற்க வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு கல். காற்று அந்தச் சந்தில் சீறிக்கொண்டு வரும். இடுப்பில் கயிறு கட்டி, அதன் நுனியைத் தகடு உருவுபவர் கையில் கொடுத்து, தகடு உருவுவதற்குத் தோதான அளவுச் செருப்பை மாட்டி, குதிகாலில் இருக்கும் எண்ணில் தொடங்குவார்கள். "எறக்கவா?" என்று அளவுக்காரர் கேட்பார். "எறக்குங்க" என்றால் காலுக்கு ஒரு தகடு உருவப்படும். மறுபடி கேட்பார். நிற்பவர் எப்போது "போதும்" என்கிறாரோ, அந்த எண் அவருக்கு ஆயுள் முழுக்க. வேலையும் அதை வைத்துத்தான். யாரும் யாரையும் நிறுத்துவதில்லை, வற்புறுத்துவதும் இல்லை. ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று எங்களுக்கு ஒரே பெருமை.

பஞ்சுவின் முறை வந்தது. தகடு உருவுகிற வேலையும் என் அக்காவுடையதுதான். மகளின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஐந்து தகடு கோத்த அளவுச் செருப்பை மாட்டி வாரைக் கட்டினாள். பஞ்சு கல்லின் மேல் ஓர் அடி எடுத்து வைத்தாள். வைத்த கால் எதிர்பார்த்ததைவிட உயரமாகப் போய், தடுமாறி இறங்கியது. அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்றும் வந்தது.

"எறக்கவா?" என்றார் அளவுக்காரர்.

பஞ்சு காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஐயா, இன்னும் ரெண்டு போடுங்க."

அளவுக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். "எறக்கறதுக்குத்தாம்மா இங்க வந்திருக்கோம்."

"தெரியுதுங்க. காலு தரையில நிக்கல. போடுங்க."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு சுவரோரம் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த அப்பனுக்குப் பிறந்தவளா இவள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டுத் துணியை நான் அந்த மாதம் வெளுக்கவில்லை. என் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்தபடியே இரண்டு இரண்டு தகடுகளைச் சொருகினாள். மகளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவமானத்தில்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு. எங்கள் ஊரில் அந்த எண்ணுக்கு அச்சே கிடையாது. புதிதாக வெட்ட வேண்டும். அக்காவும் வெட்டுகிறேன் வெட்டுகிறேன் என்று நாளைக் கடத்தினாள். அதுவரை பஞ்சு பழைய செருப்பையே போட்டுக்கொண்டு கீழ்த்தளத்தில் வேலை செய்தாள். ஏழு தகட்டு ஆளை மாடிக்கு அனுப்பக் கூடாதாம். அளவுக்காரர் ஆள் அனுப்பிச் சொன்னார். துணி உலர்த்த வேறு பெண்ணை வைத்தேன். முதல் வாரமே எனக்கு மூன்று போர்வை நஷ்டம்.

பஞ்சு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டே, யாரோ மூன்றாவது மனுஷியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் எதுக்கும் லாயக்கில்ல சித்தி. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஆறு தகட்டுக்காரி நான் எதுக்கு லாயக்கு?"

"உங்களச் சொல்லல."

"என் எண்ணச் சொன்னா என்னச் சொன்ன மாதிரிதான்டி."

அவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எனக்கு அதெல்லாம் வராது. காய்ந்த உறை ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். அதில் மூக்கைச் சிந்தினாள். அது ரொட்டிக்கடைக்காரர் வீட்டு உறை. மறுபடி துவைத்தேன், என்ன செய்ய.

கீழ்த்தளத்துத் தரையில் எப்போதும் துணி வெளுக்கிற சோடாக் காரத்தண்ணீர் நிற்கும். என் அக்காவின் தையலே ஆனாலும் காரத்தண்ணீரில் ஊறினால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு காலை நேரம் பஞ்சு அண்டாவைச் சாய்க்கும்போது வலது செருப்பின் அடித்தோல் வாயைப் பிளந்தது. தகடுகள் சறுக்கி வந்து தரையில் விழுந்தன. அவள் உட்கார்ந்து பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சித்தி, இங்க வாங்களேன்."

போனேன். காலடியில் ஒன்பது தகடுகளை அடுக்கி வைத்திருந்தாள். ஐந்து பழசு, கறுத்துப்போனவை. நாலு அவற்றைவிட மெல்லிசு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயசு என்று பார்த்தாலே தெரிந்தது. என் தேய்ப்பு மேசையிலிருந்த கத்தியை எடுத்து இடது செருப்பையும் அவளே பிரித்தாள். அதிலும் ஒன்பது.

ஒன்பது தகட்டில் நடந்து பழகின காலுக்கு ஐந்து தகட்டைக் கட்டினால் எப்படி இருக்கும்? பறக்கிற மாதிரிதான் இருக்கும். அது எனக்கு மண்டையில் ஏறுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பிரிந்த செருப்புக்குள் இரண்டே இரண்டு தகட்டைத் திணித்தாள், துணி கட்டும் நாடாவால் காலோடு சேர்த்துக் கட்டினாள், படிக்கு ஓடினாள்.

ஓடினாள் என்றா சொன்னேன்? ஆமாம், ஓடினாள். தொம் தொம் சத்தம் இல்லை. கீழே நின்று அண்ணாந்து கேட்டேன், தடதடவென்று மாடிக்கதவு வரை போய், தடதடவென்று திரும்பி வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது.

"சித்தி, நான் ஆமை இல்ல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அன்று அழுதேன். அவளுக்குத் தெரியாமல், நீராவி பக்கமாகத் திரும்பிக்கொண்டு.

அன்றைக்கே காற்றுக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போனோம். நான் துணைக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியவில்லை. அக்கா வேலை மேசையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சு மடியிலிருந்த தகடுகளை அவள் முன்னால் கொட்டினாள். அக்கா நிமிரவில்லை.

"ஒம்போது இருக்கும்மா."

"இருக்கும்."

"குத்தினது அஞ்சு."

"ஒவ்வொரு தடவ அடித்தோல் மாத்தும்போதும் ஒண்ணு சேத்தேன்" என்றாள் அக்கா. "நீ வளந்துகிட்டே இருந்த. கூடவே எனக்குப் பயமும் வளந்துச்சு."

"அப்பாவ நெனச்சா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் நான் அவள் வாயால் கேட்காத பேச்சை அன்றுதான் கேட்டேன்.

"உங்க அப்பா ஒண்ணுன்னு சொன்னாரு. நானும் ஒண்ணு வச்சுத் தைச்சேன். சொன்னது சொன்னபடி, கச்சிதமா தைச்சுக் குடுத்தேன். அவருக்குத் தெரியாம உள்ள இன்னொண்ணு வச்சிருந்தா யாரு கேட்டிருப்பாங்க? என் கையிலதானே இருந்துச்சு. வைக்கலியே." அவள் தன் கையை, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தாள். "அதான் உனக்கு வச்சேன்."

பஞ்சு கோபித்துக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் வீட்டைத் தலைகீழாக ஆக்கியிருப்பேன். அவள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"எல்லாரும் என்னப் பஞ்சுன்னாங்கம்மா. அது பொய்னு உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நீயும் அப்படித்தானே கூப்பிட்ட?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. நான் சுவரில் மாட்டியிருந்த தோல் துண்டுகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

"நீ தரையில இருந்தாப் போதும்னு இருந்துட்டேன்" என்றாள் கடைசியில். "நீ எப்படி இருக்கேன்னு பாக்கல. தப்புத்தான்."

பஞ்சு குனிந்து அம்மாவின் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இந்த மாசமும் காத்துவாசல்ல ஏறப்போறேன்மா. நீதான் எறக்கணும்."

"வேற யாரையாவது எறக்கச் சொல்லேன். என்னால ஆகாது."

"வச்சது உன் கை. எடுக்கறதும் உன் கையா இருக்கட்டும்."

இரண்டாம் முறை ஏற விதியில் இடம் இருக்கிறதா என்று அளவுக்காரர் தலையைச் சொறிந்தார். கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஏழு தகட்டுக்காரி மறுபடி வருகிறாள், இந்த முறை பத்து கேட்பாள் என்று ஊரே திரண்டு வந்துவிட்டது. ரொட்டிக்கடையைச் சாத்திவிட்டு அவரும் வந்திருந்தார்.

ஏழில் தொடங்கினார்கள்.

"எறக்கவா?"

"எறக்குங்க."

ஆறு. ஐந்து. நாலு. அக்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாக உருவித் தரையில் வைத்தாள். ஈயம் கல்லில் படும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மூன்றில் பஞ்சுவின் தலைமுடி அவிழ்ந்து பின்னால் பறந்தது. இரண்டில் அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றாள், காற்றின் மேல் சாய்ந்துகொள்வது போல. ஆடினாள், நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அளவுக்காரரே தன் வேலையை மறந்து யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டுல நின்னுட்டம்மா. போதும்னு சொல்லிடு. கம்பம் உனக்குத்தான்."

சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் கேட்டது கைக்கு வந்துவிட்டதே. இனி என்ன?

"கால் நடுங்குதுங்க" என்றாள் பஞ்சு. "அது பயத்துலயா, காத்துலயான்னு தெரியல. தெரியாம எப்படிப் போதும்னு சொல்றது? எறக்கும்மா."

அக்கா உருவினாள். ஒன்று. பஞ்சுவின் குதிகால்கள் கல்லை விட்டுக் கிளம்பின. விரல் நுனியில் நின்றாள். நின்றாள்தான், ஆனால் கண் இமைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை, உடம்பு முழுக்க அந்த நிற்றலுக்கே செலவானது.

"இன்னும்."

"வேண்டாம்டி" என்றாள் அக்கா.

"கயிறு இருக்கும்மா. நீ இருக்க. எறக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கடைசித் தகட்டையும் உருவினாள்.

பஞ்சு கிளம்பிவிட்டாள். கயிறு விர்ரென்று இழுத்து நின்றது. அக்கா கல்லில் உரசிக்கொண்டே இழுபட்டாள். நான் பாய்ந்து அக்காவின் இடுப்பைப் பிடித்தேன். அளவுக்காரர் என் இடுப்பைப் பிடித்தார். வேறு நாளாக இருந்தால் அவரை அறைந்திருப்பேன். மேலே, எங்கள் தலைக்கு மேலே, அந்தப் பெண் கையை விரித்தபடி காற்றில் மிதந்தாள். அவள் கத்தவில்லை. மலை வளைவைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அப்புறம் கயிற்றைக் கையால் பற்றி, கை மாற்றி கை மாற்றித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கீழே வந்தாள். அத்தனை வருஷம் ஒன்பது தகட்டைச் சுமந்த உடம்பு அது. வலுவுக்குப் பஞ்சமில்லை. கல்லில் கால் பட்டதும் அக்கா அவள் கணுக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு" என்றாள் பஞ்சு அளவுக்காரரிடம். "எனக்கு ரெண்டு போதும்ங்க."

பிறகு குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். இடுப்பைப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஒண்ணுல நிக்க முடியுதும்மா. கொஞ்ச நேரம். ஆளுங்க பாத்துக்கிட்டு இருந்தா நிக்கலாம். வேலை பாக்க முடியாது. அப்பாவும் அப்படித்தான் நின்னிருப்பாரு. போதும்னு சொல்ல அவருக்கு வாய் வரல. நீ தைச்சதுல தப்பே இல்ல."

என் அக்கா அன்று காற்றுவாசலில் உட்கார்ந்து அழுத அழுகை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை. நாங்கள் யாரும் அவளை எழுப்பவில்லை.

அதுவரை எங்கள் ஊரில் யாரும் தன் எண்ணைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததில்லை. பயந்த இடத்தில் நின்றுகொண்டு அதற்கு அளவு என்று பெயர் வைத்திருந்தோம். போதும் என்று நின்றால் பெருமை போய்விடும் என்று நிற்காமல் போன ஒருவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் காற்றுவாசலில் வரிசை தெரு வரை நின்றது. ரொட்டிக்கடைக்காரர் ஐந்திலேயே நின்றார், ஆனால் நாலையும் மூன்றையும் பார்த்துவிட்டு வந்து நின்றார். "எனக்கு அஞ்சுதான்யா" என்று சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டு போனார். நான் மூன்றுக்கு இறங்கினேன். அதே துணிதான் வெளுக்கிறேன், அதே வாய்தான். மாடிப்படிதான் இப்போது சின்னதாகிவிட்டது.

பஞ்சு முதன்முதலாகக் கம்பம் ஏறுகிற நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஏணி பிடிக்கிறேன் என்று வாய்விட்டாயிற்றே. புதுச் செருப்பு மேசை மேல் இருந்தது. குதிகாலில் இரண்டு என்று பளிச்சென்று குத்தியிருந்தது. பஞ்சு அதைக் கையில் எடுத்தாள், தூக்கிப் பார்த்தாள், அம்மாவின் கத்தியை எடுத்துத் தையலைப் பிரித்தாள். அக்கா டீயை ஆற்றுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

வலது செருப்புக்குள் இரண்டு தகடு. அவற்றுக்கு நடுவில், ஊதினால் சுருண்டுகொள்கிற அளவுக்கு மெல்லிசாக ஈயத்தைத் தட்டி ஒரு துண்டு.

"அம்மா, இது என்ன?"

"அது கணக்குல வராது."

பஞ்சு அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஊசியில் நூலைக் கோத்து, தானே தைத்து மூடினாள். பிறகு இடது செருப்பைப் பிரித்துப் பார்த்தாள். அதில் இரண்டு தகடு மட்டும்தான் இருந்தது.

"ஒரு காலுக்கு மட்டும் வச்சா எப்படி? நொண்டி நொண்டியா ஏறுவேன்? இதுக்கும் ஒண்ணு வெட்டும்மா."

அக்கா மேசை முழுக்கக் கத்தரியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.